பக்கத்து பிரேக்கும் பல் டாக்டரின் பின்மண்டையும்

ஆமாம், அவர் என் அப்பாதான். அதனால் நான் சொல்வதில் பாதியைத்தான் நம்ப முடியும் என்று தாங்கள் சொன்னதால், மீதிப் பாதிக்கு வண்டியையே போலீஸ் நிலைய வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். என் பெயர், வயது, விலாசம் மேலே எழுதிக்கொண்டபடி. தொழில், கார்களில் மின்பழுது பார்ப்பது. அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். ஒரே கார். அதில் கற்றுக்கொள்பவரின் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அப்பா மிதிப்பார்.

சென்ற வாரம் பல் டாக்டர் ஒருவர், பயிற்சியின்போது அப்பா தம் பின்மண்டையில் பல முறை அடித்ததாகப் புகார் கொடுத்தார். ஒவ்வொரு அடியும் தாம் தப்புச் செய்த அதே நொடியில் விழுந்தது என்றும், பின் சீட்டில் இருந்த தம் மனைவி அப்பாவின் கையைத் தலைக்குப் பின்னால் கண்ணால் பார்த்தார் என்றும் சொல்லியிருக்கிறார். புகார் உறுதியானால் பள்ளியின் உரிமம் போய்விடும். அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது.

அப்பா திட்டுவார். அதை நான் மறைக்கவில்லை. "மண்டையில ஒண்ணு வச்சாத்தான் கிளட்ச் எங்க இருக்குன்னு ஞாபகம் வரும்" என்பது அவர் தினமும் சொல்லும் வாசகம். வைத்ததில்லை. ஆனால் புகார் வந்த அன்று அம்மாவே, "உங்க வாய் போற தூரம் கை போகாதாக்கும்?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்பா எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்.

அதன் பிறகு வண்டியை என் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். அந்த மாடலில் டிரைவர் சீட்டின் ஹெட்ரெஸ்ட் சாதாரணமானது அல்ல. பின்னாலிருந்து வேறு வண்டி மோதினால் கழுத்து ஒடியாமல் இருக்க, அதன் முன்பாதி ஸ்பிரிங் விசையில் பாய்ந்து வந்து தலையைத் தாங்கும். பிறகு கையால் அழுத்திப் பின்னுக்கு மாட்ட வேண்டும். அது தானாக விடுபடுகிறதோ என்ற சந்தேகத்தில் ஸ்கேனர் போட்டேன். கோளாறு இல்லை என்றது. கரண்ட் அளந்தேன். சரியாக இருந்தது. நானே உட்கார்ந்து பட்டறையைச் சுற்றி ஓட்டினேன், குழியில் இறக்கினேன். ஹெட்ரெஸ்ட் சாது மாதிரி இருந்தது. அப்பா அடித்திருப்பாரோ என்று நானும் நினைத்தேன். சிறிது நேரம்.

அதன் பிறகு அம்மா மதியச் சாப்பாடு கொண்டுவந்தார். அவரைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு வண்டியை நிழலுக்கு நகர்த்தினேன். சுவர் நெருங்கியதும் அம்மா பயத்தில் காலை ஓங்கி ஊன்றினார். வண்டி நின்றது. எங்கிருந்தோ ஒரு பஸ்ஸர் அலறியது. என் பின்மண்டையில் அடி விழுந்தது.

"ஏம்மா அடிக்கிற?"

"நான் எங்கடி அடிச்சேன்? என் ரெண்டு கையும் டப்பாவைப் பிடிச்சிட்டுல்ல இருக்கு!"

அம்மா தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவைத் திறக்காமலே, "இது உங்கப்பாவுக்கு. நீ எங்கயாவது சாப்பிட்டுக்கோ" என்று இறங்கிப் போனார்.

சீட்டுக்கடியில் பார்த்தேன். அப்பா மிதித்து வண்டியை நிறுத்திய பிறகும் "நானே நிறுத்திட்டேன் சார்" என்று மாணவர்கள் பெருமை பேசுவதைப் பொறுக்க முடியாமல், பக்கத்து பிரேக்கை மிதித்தால் கத்தும்படி அப்பா எனக்குத் தெரியாமல் ஒரு பஸ்ஸர் மாட்டியிருக்கிறார். அதன் வயரைக் கைக்கு எட்டிய வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார். அது ஹெட்ரெஸ்ட்டின் பூட்டுக்குப் போகும் வயர். ஆகவே மாணவர் தப்புச் செய்ததும் அப்பா மிதிக்க, பஸ்ஸர் கத்த, பூட்டும் விட்டிருக்கிறது. துருத்தி நின்றதை லூஸ் என்று எண்ணி அப்பா கையால் உள்ளே தள்ளியிருக்கிறார். டாக்டரின் மனைவி பார்த்தது அந்தக் கையை. மற்ற மாணவர்களையும் கேட்டேன். அவர்களுக்கும் விழுந்திருக்கிறது. பாடத்தில் சேர்ந்தது என்று நினைத்துச் சொல்லவில்லை.

இன்று, "பொண்ணு அப்பாவுக்குப் பரிஞ்சுதான் பேசும்" என்று கூறித் தாங்களே டிரைவர் சீட்டில் அமர்ந்தீர்கள். அப்பா கேட் அருகே இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றார். அப்படி நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான் சாவியைத் திருப்பிவிட்டுப் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். தங்கள் தொப்பி ஸ்டியரிங்கில் விழுந்தது. அப்போது தாங்கள் சொன்ன சொல், தாங்கள் வேண்டாம் என்றதால், இங்கே விடப்படுகிறது. பல் டாக்டர், "இதேதான் சார், அச்சு அசலா இதே அடிதான்!" என்று சந்தோஷமாகக் கத்தினார். புகாரை வாபஸ் வாங்குவதாகவும் சொன்னார்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான். கூட்டியதும் இல்லை, அந்த ஒரு சொல்லைத் தவிர விட்டதும் இல்லை. அதற்கு என் கையெழுத்து.

கையெழுத்துப் போட்ட பின் வாசலிலேயே அந்த முறுக்கைப் பிரித்து வயர்களைத் தனித்தனியே சுற்றினேன். அப்பா பக்கத்து சீட்டில் ஏறிக் கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். மீதி டேப்பை அவரிடம் நீட்டி, "பிடிங்கப்பா" என்றேன். வாங்குவதற்குக் கையை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. வண்டியைக் கிளப்பினேன்.