ஸ்கேனுக்குள் 142857

வெள்ளவத்தையில் ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. சத்தம் போடும் அந்த ஸ்கேன் குழாய்க்குள் படுக்கப் பயந்து, போன கிழமை கணவர் பாதியில் எழும்பி வந்துவிட்டாராம்.

“இஞ்சருங்கோ, உள்ளுக்குப் போனதும் 142857-ஐப் பெருக்கிக்கொண்டு கிடவுங்கோ,” என்றார் மனைவி.

“ஏன் அந்த எண்?”

“ரெண்டால பெருக்கினா 285714. மூண்டால 428571. அதே ஆறு இலக்கமும்தான் இடம் மாறி வரும். ஆறு வரைக்கும் எதால பெருக்கினாலும் அப்பிடித்தான்.”

“ஏழால?”

“அதை நீங்களே பாத்துச் சொல்லுங்கோ.”

பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் போனார். மனைவி கதவையே பார்த்தபடி இருந்தார். அரை மணித்தியாலத்தில் கணவர் வியர்த்த முகத்தோடு வந்தார்.

“எல்லாம் ஒன்பது! ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது! இப்பிடியும் ஒரு எண் இருக்குமோ?”

“ஸ்கேன் முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது, முடிஞ்சுது. அதை ஆர் கவனிச்சது?”