தோளுக்குத் தைலம்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் தோள் வலிக்காத ஆளைப் பார்ப்பது அரிது. வந்தவர்களில் பாதிப் பேர் காவடி தூக்கியவர்கள். டாக்டர் பரந்தாமன் மலையடிவாரத்தில் போட்டிருந்த கொட்டகையில் அன்று இரண்டு புட்டி தைலம் தீர்ந்தது. தேய்த்துவிட்டவன் நான், அவருடைய கம்பவுண்டர் வேதாசலம். ஆகவே, இன்ஸ்பெக்டர் ஐயா, என் தங்கை புருஷன் கோதண்டத்தின் தோளில் தைலம் தேய்த்தது குற்றமென்றால், ஊரில் பாதிப் பேருக்கு நான் குற்றம் செய்திருக்கிறேன்.

கோதண்டம் தறிக்காரன். நல்ல உழைப்பாளி, வாய்தான் கொஞ்சம் நீளம். மாசியில் மலேரியா கண்டு படுத்தபோது அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் நாலு விரல் வீங்கியிருக்கிறது என்று சொன்னேன். அதை ஒரு கல்யாணப் பந்தியில் இருபது பேர் முன்னால் சொல்லிச் சிரித்தான். "பாவா, உனுக்கு எதுக்கு வியாதி பாக்குற வேலை? பாட்டில் கழுவுறவன் கழுவிகினு இரு" என்றான். நியாயமான பேச்சு. நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைகாசி பதினொன்று என்று தேதி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கிருத்திகையன்று காலை காவடியைச் செலுத்திவிட்டு இறங்கும்போது படியில் சறுக்கி விழுந்தான். கல் விளிம்பு இடது விலாவுக்குக் கீழே இடித்தது. சிராய்ப்புக்கூட இல்லை, தானே நடந்து கொட்டகைக்கு வந்தான். வயிறு லேசாக வலிக்கிறது, இடது தோள்தான் பிடுங்குகிறது என்றான். காவடிப் பாரம் என்றார்கள் கூட வந்தவர்கள். அவன் காவடியைச் சுமந்ததெல்லாம் வலது தோளில். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டாக்டர் போன வருஷம் பர்மா சண்டையிலிருந்து திரும்பியவர். வயிற்றில் அடிபட்டவனுக்கு இடது தோள் வலித்தால் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசியலாம், சீக்கிரம் வயிற்றைத் திறந்து ரத்தக்குழாயைக் கட்டி மண்ணீரலை எடுத்துவிட்டால் பிழைப்பான் என்று எனக்குப் பத்துத் தரம் சொல்லியிருக்கிறார். மலேரியாவில் வீங்கியது லேசாக இடித்தாலே கிழியுமாம். அரக்கோணம் போனால் மதராஸுக்கு ரயில் உண்டு. டாக்டர் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் வியாதி பார்ப்பது என் வேலை இல்லையே. தெரிந்தேதான் தைலம் தேய்த்து வீட்டுக்கு அனுப்பினேன்.

மத்தியானம் என் தங்கை ரஞ்சிதம் ஓடி வந்தாள். அவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது, உதடு வெளுத்துவிட்டது, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள்.

"தோள் வலிதாம்மா. அவர எதுக்குத் தொந்தரவு பண்ற? நான் வரேன்" என்றேன்.

போய் நாடி பிடித்தேன். வேகமாக, மெல்லிசாக ஓடியது. வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மூன்று மணி நேரம் இருக்கும்.

ரஞ்சிதம் வெந்நீர் வைக்கப் போனபோது அவன் என் கையைப் பிடித்தான்.

"டாக்டரே, எப்பிடியாவது காப்பாத்துங்க."

என்னைத்தான் சொன்னான். அறையில் வேறு ஆள் இல்லை. உடனே எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் பரந்தாமனிடம் ஓடினேன். அவர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

தங்கை தாலியறுத்தது எனக்கும் வருத்தம்தான். அந்த ஒரு வார்த்தையை அவன் காலையிலேயே சொல்லியிருந்தால் ரயிலைப் பிடித்திருக்கலாம். பிடிவாதம் ஆளைக் கொன்றுவிட்டது.