மேஜைமேல் ஓடும் கார்

— கை வைக்காதீங்கக்கா! இப்பதான் சமயபுரம் டோல்கேட் தாண்டுது.

— எது தாண்டறது? செல்வி, இது மேஜை. மேஜைமேல ஒரு டேஷ்போர்டு, பின்னால நாலு வயர். கார் எங்கடி இருக்கு?

— கார் இல்லன்னு எனக்குத் தெரியாதாக்கும்? ஆனா கிலோமீட்டர் ஏறுதுல்லா?

— ஏறும். சரியா காட்டறதான்னு பாக்க, பொய்யா சிக்னல் குடுத்து ஓட விட்டிருக்கோம். ஏறாம என்ன பண்ணும்? அதுக்கும் சமயபுரத்துக்கும் என்ன சம்பந்தம்?

— நாளைக்குக் காலையில எனக்கு நிச்சயதார்த்தம்க்கா, ஊர்ல. ஒரகடத்துலேருந்து கார்ல கிளம்பிட்டேன்னு எங்கம்மாட்ட சொல்லிட்டேன்.

— இங்க ஃபேக்டரியில, ஷிப்ட்ல நின்னுண்டா?

— அந்த மாப்பிள்ள வேண்டாம்னு தொண்ட கிழியக் கத்துனேன். ஒருத்தரும் காதுல வாங்கல. ராத்திரி வரைக்கும் தாக்காட்டிட்டா போதும். அப்புறம் வந்து தூக்கிட்டுப் போக நேரமிருக்காது.

— பெருமாளே, எனக்குத் தலை சுத்தறது. அதுக்கு மீட்டர் எதுக்குடி?

— எங்க சுடலை அண்ணன் லாரி டிரைவருல்லா? வாய்க்கு வந்த ஊரச் சொன்னா பிடிச்சிருவான். அதான் அம்மா போன் போட்டா இதப் பாத்து ஊர் சொல்லுதேன்.

— அவருக்குத் தெரிஞ்சா?

— லாரியில அள்ளிப் போட்டுக் கொண்டு போயிருவான். போன வாரமே சொன்னான்.

— இப்ப அம்மாகிட்ட எந்த ஊர் சொன்னே?

— சமயபுரம்தான்.

— அடிப்பாவி! இது ரிஜெக்ட் பீஸ், கழட்டத்தான் வந்தேன். எண்பது கிலோமீட்டர் குடுத்தா நூறு காட்டறது. நிஜக் கார் இன்னும் பெரம்பலூரே தாண்டியிருக்காது!

— ஐயோ! அண்ணனுக்கு இன்னைக்குத் திருச்சி லோடு. அந்த டோல்கேட்லதான் எனக்காக நிக்கானாம், நான் ஊரச் சொன்னப்புறம்தான் அம்மா சொல்லுதா. நேரம் சரியா இருந்தாலாவது கூட்டத்துல என் காரத் தவற விட்டுட்டன்னு சமாளிச்சிருப்பேன். அப்ப நான் செத்தேன்.

— போன் அடிக்கறது பார். எடுக்காதே.

— எடுக்கலன்னா இன்னும் சந்தேகம்... எம்மா, சொல்லு... ஆங்?... யாரு சொன்னா?... ம்... சரிம்மா.

— மாட்டிண்டியா? அம்மா என்ன சொன்னா?

— அண்ணன் டோல்கேட்லேருந்து பேசுனானாம். என் காரக் கண்ணால பாத்தானாம். 'பிள்ள சிரிச்சிக்கிட்டே கையாட்டுனா, இனிமே அவளுக்கு போன் போட்டு நச்சரிக்காத'ன்னு சொல்லிட்டானாம்க்கா.