அவனுக்கு ரோடு தெரியுது

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ரயில் ஏறிய இருவரும் என் எதிரில் உட்கார்ந்தார்கள். மூத்தவர், ஆட்கள் போய்வரும் கேஜ் என்ற கூண்டைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இன்ஜின் டிரைவர். இளையவர் அவருடைய மைத்துனர். இதெல்லாம் பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"இன்னா மாமா, நேத்து டாக்கீஸுல மெயின் படம் போடறதுக்குள்ள எழுந்து போயிட்டீங்க?"

"அந்தக் கார் ரேஸு நியூஸ் ரீலு. பாக்க முடியல."

"ஜோராத்தானே இருந்திச்சி! டிரைவர் கண்ணுக்கு நேராவே கேமராவ வச்சிருந்தான். வளைவு வந்தப்போ நானே கால அமுக்கி பிரேக் போட்டுட்டேன்."

"அவனுக்கு ரோடு தெரியுதுப்பா."

மைத்துனர் சிரித்தார். தான் மட்டுமே சிரிப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"பதினெட்டு வருஷமா ஓட்டறேன். கேஜு எறங்கற ஷாஃப்டு குழி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கேஜு கண்ணுக்கே தெரியாது. எதிருல டயல் முள்ளு, காதுல மணி, அவ்ளோதான். ஆளுங்க ஏறினா மொதல்ல மூணு மணி அடிக்கணும். ஆக்சிடென்டு ஆன அன்னிக்கி அடிக்கல. வெறும் கேஜுன்னு வேகமா விட்டேன்."

"மணி அடிக்காதவன் மேலதான் தப்புன்னு விசாரணையில சொல்லிட்டாங்களே மாமா."

"சொன்னாங்க."

அடுத்த ஸ்டேஷன் தாண்டியதும் மூத்தவரே தொடர்ந்தார்.

"அந்த வேகத்துல எறங்கி டக்குனு நின்னதுல, அடியில எட்டு பேரு கால் ஒடிஞ்சி கெடந்தாங்க. அதுல ரெண்டு பேருக்கு உயிரே இல்ல. மேல எனக்கு இன்னா தெரிஞ்சிது? முள்ளு கோட்டு மேல கரெக்டா நின்னுச்சி. நல்லா நிறுத்திட்டோம்னு, டம்ளர எடுத்து டீ குடிச்சேன்."