ஆறிய பிறகு தட்டிப் பாருங்கள்

என்னைப் போன்ற வாயாடியிடம் ஒலிவாங்கியைக் கொடுத்த பிறகும் முகத்தில் கலக்கம் காட்டாமல் வீற்றிருக்கும் அவைத் தலைவர், நெடுங்காடு மகளிர் குழுவின் தலைவி எழில்மதி அம்மையார் அவர்களே. இன்று தொடங்கும் பயிற்சி வகுப்பை நடத்த வந்திருக்கும் ஆசிரியை அல்லி அவர்களே. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்ட இந்த நாளில், வயல் வேலையை அரைநாள் தள்ளிவைத்து வந்திருக்கும் பெரியோர்களே. விழிதியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, பஸ் கிடைத்த கதையை இன்னும் பேசி முடிக்காத தாய்மார்களே. முதல் வரிசையில் அமர்ந்து, நான் எங்கே தப்பாகச் சொல்வேன் என்று காத்திருக்கும் என் பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஆஸியா பீவி அவர்களே. உங்கள் எல்லோருடைய பாதங்களும் பட்ட இந்த மண்டபத்தில், சூசைமுத்துவின் பணிவான வணக்கம்.

பாலிமர் களிமண்ணைப் பற்றிப் பேச இவன் யார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கருக்களாச்சேரிப் பக்கம் ஓர் ஐஸ் பிளாண்டில் இருபத்தொன்பது ஆண்டு வேலை பார்த்தவன் நான். கடலில் பிடித்த மீன் கரையில் கெடாமல் இருக்கக் குளிரைக் காவல் காத்தவன். அப்படிப்பட்டவன் இன்று சூட்டைப் பற்றிச் சொல்ல மேடை ஏறியிருக்கிறேன். சிரிக்கலாம், தடையில்லை. என் மகள் ஜெர்லின் நர்ஸ் வேலைக்குக் குவைத் போகும்போது, தான் பொழுதுபோக்காக வாங்கிய களிமண் பெட்டியையும் சின்ன ஓவனையும் வீட்டிலேயே விட்டுப் போனாள். ஓய்வு பெற்ற எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பெட்டியைத் திறந்தேன். அவ்வளவுதான் என் தகுதி.

அன்புடையோரே, மண் என்கிறோமே, இது என்ன மண்? வயலில் மிதித்த மண்ணா? வாய்க்கால் கரையில் வழித்த மண்ணா? இல்லை. இது வெயிலில் காயாது, காற்றில் இறுகாது, தண்ணீரில் கரையாது. பெயரில்தான் மண், பிறப்பில் பிளாஸ்டிக் குடும்பம். உரிய சூடு கிடைக்கும்வரை உங்கள் விரல் சொன்னபடி கேட்டுக்கொண்டே இருக்கும். இவ்வளவு பொறுமையான பொருளை நாம் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்?

கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். உறையோடு கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தால் அது உங்களுக்கானது. செங்கல்போல அடம்பிடித்தால் அது பழையது, அல்லது வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் பாதி வெந்து கிடந்தது. தொட்டாலே குழைந்து போவதும் வேண்டாம், உங்கள் கைரேகையெல்லாம் அதில் பதிந்துவிடும். முதல் நாளே முப்பது நிறம் வாங்கி அடுக்காதீர்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம் போதும், மற்றதெல்லாம் கலந்தால் கிடைக்கும். வெள்ளையைத் தொடும் முன் கையைத் துடையுங்கள், ஏனென்றால் நம் கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதை வெள்ளை ஊருக்கே சொல்லிவிடும். வாங்கிய உறையைக் கிழித்து எறியாதீர்கள். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று அதன் முதுகில்தான் எழுதியிருக்கும்.

என்னம்மா கேட்கிறீர்கள்? மைக்ரோவேவா? வேண்டாம் தாயே, அந்தச் சூடு இதற்கு ஆகாது. பின்னால் யாரோ இட்லிப் பானை என்கிறார். ஐயா, இட்லிப் பானை இட்லிக்கே இருக்கட்டும். இதற்கென்று ஒரு சின்ன ஓவன், இதற்கென்று ஒரு தட்டு. இதை வைத்த தட்டில் மறுபடி சோறு தின்னக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். கருகிய வாடை வந்தால் ஓவனை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இதெல்லாம் அல்லி ஆசிரியை என்னைவிட அழகாகச் சொல்லித் தருவார். அவருக்குக்கூடத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் எப்படித் தோற்றேன் என்பதே அது.

ஆஸியா தங்கச்சி, சொல்லலாமா? தலையாட்டுகிறார். சொல்கிறேன்.

ஆஸியா பீவியின் இளைய மகள் நௌஷின். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. அதிலும் மல்லிகை வாசம் பட்டால் போதும், நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். அவளுடைய அக்காவுக்கு நிக்காஹ் நடந்தபோது மண்டபம் முழுக்க மல்லிகை. பிரியாணி வாசத்தையே மல்லிகை மறைத்தது. கூடப் பிறந்தவள் எங்கே இருந்தாள் தெரியுமா? மண்டப வாசலுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் மூச்சுக்கு இழுக்கும் மருந்துக் குழாயோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய்த் தட்டில் சோறு வாங்கிக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்தவன் நான்.

பிறகு அவளுக்கே கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து மணப்பெண் தலையில் பூ வைப்பது அவர்கள் வழக்கம். ஆஸியா பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னார். மாமியாராக வரப்போகிற அந்த அம்மாள் நல்ல மனசுக்காரர். "எங்க கையால பொண்ணுக்குப் பூ வைக்கணுங்க. அது என்ன பூவா இருந்தாலும் எனக்குச் சரிதான்" என்றார்.

என்ன பூ வைப்பது? கடையில் விற்கும் பிளாஸ்டிக் பூவை வைக்க ஆஸியாவுக்கு மனம் ஒப்பவில்லை. அப்போதுதான் நௌஷின் என் வீட்டுக்கு வந்தாள். என் சாவிக் கொத்தில் நான் செய்து மாட்டியிருந்த ஒற்றை மல்லிகை மொட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, இதே மாரி ஒரு சரம் செஞ்சு தர முடியுமா?"

"அது வெளையாட்டுக்குச் செஞ்சதும்மா. நான் கத்துக்குட்டி."

"அக்கா கல்யாணத்துல வாசல்ல உக்காந்திருந்தேன். என் கல்யாணத்துல நான் எங்க போயி உக்கார்றது மாமா?"

"செய்றேம்மா" என்றேன்.

வெறும் வெள்ளையில் செய்தால் சுண்ணாம்புக் கட்டியாகத் தெரியும். ஒளி ஊடுருவும் களிமண்ணை அதில் சிறிது கலந்தேன், மொட்டுக்கு உயிர் வந்தது. நூற்றிருபது மொட்டு உருட்டி, நூல் கோக்க ஊசியால் துளையிட்டு, வழவழப்பான தரை டைல்ஸ் ஒன்றின் மேல் காகிதம் விரித்து வரிசையாக அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். இது புதன்கிழமை பிற்பகல்.

ஓவனின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நான் நம்பவில்லை. ஐஸ் பிளாண்டில், ஐஸ் பெட்டிகளைச் சுற்றி நிற்கும் உப்புத் தண்ணீருக்குள் தெர்மாமீட்டர் விட்டுப் பார்க்காமல் ஒரு நாளும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன் அல்ல நான். ஓவனுக்குள்ளும் ஒரு தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றி முப்பது டிகிரி, முப்பது நிமிடம். அதுவரைக்கும் ஐஸ்காரனின் பழக்கம் எனக்கு உதவியது. அடுத்த நிமிடம் அதே பழக்கம் என்னைக் கவிழ்த்தது.

வெளியே எடுத்து ஒரு மொட்டை அழுத்தினேன். மெத்தென்று இருந்தது. ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வரும்போதே இறுகித்தான் வரும். இறுகாமல் வந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். இருபத்தொன்பது ஆண்டு என் கை படித்த பாடம் அது. ஆகவே என்ன செய்தேன்? மறுபடி உள்ளே தள்ளினேன். சூட்டை நூற்றி எழுபதுக்கு ஏற்றினேன். கால் மணி நேரத்தில் வாடை வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு ஓவனுக்குள் பார்த்தால், நூற்றிருபது மல்லிகையும் வறுத்த வேர்க்கடலை நிறத்தில் இருந்தன.

திட்டினேன். களிமண்ணைத் திட்டினேன், ஓவனைத் திட்டினேன், மின்சாரத்தைத் திட்டினேன். என்னை மட்டும் திட்டவில்லை. மிச்சமிருந்த களிமண் ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும். காரைக்கால் கடையில் இருந்த வெள்ளையோ செங்கல் என்பது எனக்கு முன்பே தெரியும். சென்னையிலிருந்து வரவழைத்தால் கல்யாணத்துக்குப் பிறகு வரும். ஒரு மணி நேரம் கழித்து ஆஸியாவைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, வேகலன்னு மறுபடி வச்சேன், கருகிப்போச்சு. என்னால முடியல. வேற ஏற்பாடு பண்ணிக்கங்க."

அவர் மேசை அருகே வந்தார். கருகிய மொட்டு ஒன்றை எடுத்தார். மேசையில் இருந்த டீ கிளாஸில் தட்டினார். டிங் என்றது.

"கல்லாட்டம் இருக்கே அண்ணே. வேகலன்னு சொன்னீங்க?"

"எடுத்தப்ப மெத்துன்னு இருந்துச்சு."

"சூட்டோட தொட்டீங்களா?" என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். "பிஸ்கட்டு ஓவன்லேர்ந்து எடுக்கறப்ப மெத்துன்னுதானே இருக்கும்? ஆறுனாத்தானே மொறுமொறுப்பு வரும்? மொதத் தடவையே சரியா வந்திருக்கும். நீங்கதான் பொறுக்கல."

நண்பர்களே, அந்த அம்மாள் பாலிமர் களிமண்ணை அதற்கு முன் கையால் தொட்டதில்லை.

மறுநாள் முழுக்க உருட்டினேன். வெள்ளிக்கிழமை காலை மீண்டும் அடுக்கி, நிறம் மாறாமல் இருக்க மேலே அலுமினியத் தாளால் கூடாரம்போல மூடினேன். நூற்றி முப்பது, முப்பது நிமிடம். அணைத்துவிட்டுக் கதவைப் பாதி திறந்து வைத்தேன். எதிரில் ஆஸியா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். என் கை லேசாக அசைந்தால், "அண்ணே, கையி" என்பார். அசையாமல் இருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "அண்ணே, கையி." ஒரு மணி நேரம் இப்படிப் போனது. பிறகு அவரே ஒரு மொட்டை எடுத்துக் கிளாஸில் தட்டினார். டிங். என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளை, பால் வெள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, ஓவன் சூடு என்று சொன்னேன். ஆறிப்போன ஓவன் என்பது அவருக்குத் தெரியும், ஆனாலும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெண் தலையில் மட்டும் களிமண் பூ இருந்து பயன் என்ன? வந்திருக்கும் பெண்கள் எல்லோர் தலையிலும் மல்லிகை இருக்குமே? ஆஸியாவின் கணவர் சேக் அலாவுதீன் மண்டப வாசலில் நின்றார். வந்தவர்களிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"புள்ளைக்கு மூச்சு முட்டும்மா. பூவ மட்டும் இங்கன வச்சுட்டுப் போங்க."

யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெண் எடுத்து வைத்தார், அவரைப் பார்த்து அடுத்தவர் வைத்தார், அவர் மகளும் வைத்தாள். பிரியாணிக்குக் கொண்டுவந்த அண்டா ஒன்று அங்கே காலியாக இருந்தது. அது மல்லிகையால் நிறைந்தது.

உள்ளே மாமியார் தம் கையால் நௌஷின் தலையில் சரத்தை வைத்தார். வைத்துவிட்டுப் பழக்கத்தில் குனிந்து முகர்ந்தார். வாசம் இல்லை. அவர் சிரித்தார், நௌஷினும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தால் இருமல் வருகிற பிள்ளை, அன்று இருமவில்லை. மருந்துக் குழாய் ஆஸியாவின் கைப்பையிலேயே கடைசிவரை கிடந்தது.

எண்ணிப் பாருங்கள் தாய்மார்களே. அக்கா கல்யாணத்தில் பூ உள்ளே இருந்தது, அந்தப் பிள்ளை வாசலில் இருந்தாள். அவள் கல்யாணத்தில் பூ வாசலில் இருந்தது, அந்தப் பிள்ளை உள்ளே இருந்தாள்.

ஆகவே, வகுப்புக்காக உங்கள் முன்னால் வைத்திருக்கும் இரண்டு களிமண் பொட்டலங்களைப் பார்த்து, "நமக்கு இது வருமா" என்று யாரும் மலைக்காதீர்கள். கத்துக்குட்டி என்று உங்களைச் சொன்னது யார்? பதம் பார்க்க உங்களுக்குத் தெரியாதா? பக்குவம் பார்க்க உங்களுக்குத் தெரியாதா? எதை எப்போது இறக்க வேண்டும், இறக்கியதை எப்போது தொட வேண்டும் என்று அடுப்படியில் நாள்தோறும் தீர்மானிக்கிற கைகள் இவை. நூற்றி முப்பது டிகிரியை உறை சொல்லும், முப்பது நிமிடத்தைக் கடிகாரம் சொல்லும். அதற்குப் பிறகு காத்திருக்கிற அந்த ஒரு மணி நேரத்தை எந்த உறையிலும் எவரும் அழுத்தமாக அச்சடிப்பதில்லை. அது உங்களிடம் இருக்கிறது. என்னிடம் இல்லாமல் போனதால்தான் நான் நூற்றிருபது மல்லிகையை வறுத்தேன்.

தலைவி அம்மையார் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன். என்னை அழைத்த மகளிர் குழுவுக்கும், இடையிடையே கேள்வி கேட்டு என்னைக் காப்பாற்றிய தாய்மார்களுக்கும், தம் வீட்டுக் கதையைச் சபையில் சொல்ல அனுமதி தந்த ஆஸியா தங்கச்சிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. என் பேச்சு நன்றாக இருந்ததா இல்லையா என்று இப்போதே சொல்லிவிடாதீர்கள், இன்னும் சூடாக இருக்கிறது. வீட்டுக்குப் போங்கள், ஆறட்டும், அப்புறம் தட்டிப் பாருங்கள். வணக்கம்.