தங்கையின் மின்கலம்

களிமண்ணைப் பற்றி ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்குள் இருக்கும் திரவம் தீப்பிடிக்கும். அதற்குப் பதிலாகத் தீப்பிடிக்காத ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. வெறும் படலத்தில் மின்னோட்டம் மந்தம். நுண்ணிய களிமண் ஏடுகளைக் கலந்தால் சரியாகும் என்று முதலில் சொன்னவள் நான். வருடக்கணக்கில் கலந்தேன். களிமண் கட்டிகட்டியாகத் திரண்டது, படலம் சருகாக நொறுங்கியது.

என் தங்கைக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். வந்த கையோடு அவள் களிமண்ணைத் தனியாக ஊறவைத்து, ஏடு ஏடாகப் பிரித்துவிட்டுக் கலந்தாள். படலம் கண்ணாடி போல வந்தது. சாதாரண விஷயம்தான். எனக்கே தோன்றியிருக்கும்.

"பெரியவ உழுதா, சின்னவ அறுத்துட்டா" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பார்வையாளர்கள் வந்தால் தங்கை ஒரு வேடிக்கை காட்டுவாள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, தன் பேட்டரியை முகத்தருகே பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டுவாள். விளக்கு அணையாது. கைதட்டுவார்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொன்னால் கேட்கவே மாட்டாள்.

அன்று காலை, அதே வெள்ளி உறையில் திரவ பேட்டரி ஒன்றைத் தயார் செய்து, முழுக்கச் சார்ஜ் ஏற்றி, அவள் மேசையில் மாற்றி வைத்தேன். விளக்கு அணைந்து அவள் கொஞ்சம் அசடு வழியட்டும், அவ்வளவுதான். அணைவதோடு நிற்காது என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். அது என் துறை.

கத்தரிக்கோலை எடுத்தவள், எல்லார் முன்னாலும் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இன்னிக்கு நீ வெட்டேன். மண்ணைக் கலக்கலாம்னு சொன்னதே நீதானே?"

பெருந்தன்மையைக்கூட அவளுக்கு நாலு பேர் பார்க்கத்தான் காட்டத் தெரியும்.

"எனக்கெதுக்குடி? நீயே வெட்டு" என்றேன்.

தீயை முதலில் ஓடிப்போய் அணைத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்குப் பார்வை திரும்பாது என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டு, "நான் எங்க தப்புப் பண்ணேன், அக்கா?" என்று கேட்டாள். படலத்தைச் சரியாக உலர்த்தாமல் விட்டிருப்பாய் என்று பொறுமையாக விளக்கினேன். குறுக்கே பேசாமல் தலையாட்டினாள்.

என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக அவசரப்படாதீர்கள். அவள் இப்போதுதான் ஒழுங்காகப் பாடம் கேட்க ஆரம்பித்திருக்கிறாள்.