குவாரி வளைவுக்கு இரண்டாவது கியர்

இந்த மேசைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, ஐயா. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எழுதுகிறவர்களுக்கு அது தெரியாது, பகடை உருட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். ஒரு காகிதத்தை மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நான் அப்படித்தான் செய்தேன். அதற்குப் பிறகும் மச்சினன்தான் ஜெயித்தான்.

முதலிலிருந்தே சொல்கிறேன். நடுவில் நீங்கள் எதையும் கேட்க வேண்டியிருக்காது.

நான் சாலைத்துறை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். வளைவுகள்தான் என் வேலை. ஒரு வளைவு எவ்வளவு அகலம், வெளி ஓரம் எவ்வளவு உயரம், எந்த வேகத்தில் வந்தால் வண்டி திரும்பும், எந்த வேகத்தில் வந்தால் ஆளோடு போய்ச் சேரும் என்பதையெல்லாம் காகிதத்தில் முடிவு செய்கிறவன். எங்கள் வீடு இருக்கும் மேட்டுத்தெருவிலிருந்து கீழே கடைவீதிக்கு இறங்குகிற சாலையை வரைந்தது நான்தான். தினமும் எத்தனையோ பேர் அதில் பத்திரமாகத் திரும்புகிறார்கள். ஒருவரும் என்னை நினைப்பதில்லை. எனக்கு அதில் குறை எதுவும் இல்லை.

மாமனார் இறந்தபோது ஒரு காரை விட்டுப்போனார். யாருக்கு என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருவர்: என் மனைவி, அவளுடைய தம்பி. விற்க இருவருக்கும் மனம் வரவில்லை. ஆளுக்கொரு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். நியாயமான யோசனைதானே? மச்சினன் சிரித்தான்.

"முறை வச்சுக்க இதென்ன மாமா, தெருக்குழாயா? விளையாடி எடுத்துக்கலாம். ஜெயிச்சவங்களுக்கு அந்த வாரம் கார். தோத்தவங்க கழுவித் தரணும்."

"கழுவினா மட்டும் போதாதுடா," என்றாள் என் மனைவி. "டயர்ல காத்து, ஆயில், பிரேக்கு எல்லாம் பாத்து வைக்கணும். அப்பா வாராவாரம் பாப்பாரு."

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

பலகையையும் நானே செய்தேன். நம் சாலையை அப்படியே தடித்த அட்டையில் வரைந்து, கட்டம் கட்டமாகப் பிரித்தேன். இரண்டு பொம்மைக் கார்கள். மஞ்சள் அவனுக்கு, சாம்பல் எனக்கு. விதிகள் எளிமையானவை. எந்தக் கியரில் இருக்கிறோமோ அத்தனை பகடை உருட்டலாம். முதல் கியருக்கு ஒன்று, நான்காவதற்கு நான்கு. விழுந்த எண்ணுக்குக் கார் நகரும். ஒவ்வொரு முறை உருட்டும்போதும் ஒரு கியர்தான் ஏற்றலாம், ஒன்றுதான் இறக்கலாம். ஒவ்வொரு வளைவிலும் ஓர் எண் எழுதியிருப்பேன். அந்தக் கியருக்குள் வந்தால் பத்திரம். குவாரி வளைவுக்கு இரண்டு. கூடுதலான கியரில் நுழைகிறவன் தனியாக ஒரு சிவப்புப் பகடையை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் கார் பள்ளத்தில், அத்தோடு தோல்வி. வேறு எது விழுந்தாலும் பிழைத்தான்.

சிவப்புப் பகடை என் மனைவியின் பொறுப்பு. அவள்தான் நடுவர். அதை உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் மூடி, பிறகுதான் தருவாள். அந்த ஒரு கணத்தை ஆரம்பத்தில் நான் பொருட்படுத்தவில்லை.

இந்த ஆட்டத்தில் புத்திக்கும் இடம் உண்டு, ஐயா. வளைவு வருவதற்கு முன்பே, நேர்ச்சாலையில் ஆசை காட்டும்போதே, கியரை இறக்கத் தொடங்க வேண்டும். கொஞ்சம் பின்தங்கித் தெரிவோம். பரவாயில்லை. மற்றவன் என்றாவது பள்ளத்தில் விழுவான்; நாம் மெதுவாகப் போய்க் கோட்டைத் தொடுவோம். நான் அப்படித்தான் ஆடினேன். மச்சினன் எல்லா வளைவிலும் நான்காவது கியரில் நுழைந்தான்.

"மாமா, பின்னாடி ஆம்புலன்ஸ் கத்துது. கொஞ்சம் ஓரம் கட்டுங்க."

"டேய், அவரு ஊர்வலம் போறாருடா. தொந்தரவு பண்ணாத," என்பாள் என் மனைவி. அக்காளும் தம்பியும் ஒரே மாதிரி சிரிப்பார்கள், மூக்கைச் சுருக்கிக்கொண்டு.

பிறகு அவன் சிவப்புப் பகடையை உருட்டுவான். நான் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குப் புள்ளி தெரியாது. நாலு. ஆறு. மூன்று. ஒன்று மட்டும் விழாது. நான் கழுவித் துடைத்த காரில் அவன் கீழே கடைவீதிப் பக்கம் இருக்கும் தன் வீட்டுக்குப் போவான். மறுநாள் நான் பேருந்தில் தொங்கிக்கொண்டு அலுவலகம் போவேன். சில நாள் கடைவீதியில் என்னைப் பார்த்து ஹாரன் அடிப்பான். ஏற்றிக்கொள்ளவும் செய்வான். அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் மறைத்ததாக நினைக்கக் கூடாது.

ஒரு மனிதன் திரும்பத் திரும்பத் தப்பினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். இதை நான் ஒருநாள் மனைவியிடம் சொன்னேன்.

"போன வாரம் என்ன விழுந்துச்சுன்னு பகடைக்கு ஞாபகமா இருக்கும்?" என்றாள். "ஒவ்வொரு தடவையும் அது புதுசாத்தான விழுது."

அவள் சொன்னது சரி. கணக்கு தெரிந்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் சரியான பதிலை அவ்வளவு சீக்கிரம் சொன்னாள். யாரோடோ முன்பே பேசி வைத்துக்கொண்டது போல.

அதன் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். மேசைக்காலுக்குக் காகிதம் கொடுத்தேன். அவனை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். கையால் உருட்டக் கூடாது, டம்ளரில் போட்டுக் குலுக்கித்தான் கவிழ்க்க வேண்டும் என்றேன். அவன் மறுக்கவே இல்லை. "சரிங்க மாமா. கண்ணையும் கட்டிக்கவா?" என்று கேட்டான். மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் இல்லை என்பார்கள். கனத்தை வேறு இடத்தில் வைத்தவனுக்கும் பயம் இருக்காது, ஐயா. அதை யாரும் சொல்வதில்லை.

ஒருநாள் மனைவி வீட்டில் இல்லாதபோது, தண்ணீரில் நிறைய உப்பைக் கரைத்துச் சிவப்புப் பகடையை மிதக்கவிட்டேன். உள்ளே கனம் வைத்த பகடை எத்தனை முறை அழுத்திவிட்டாலும் ஒரே பக்கத்தைத்தான் மேலே காட்டும். இது ஒவ்வொரு முறையும் வேறு பக்கத்தைக் காட்டியது. யோக்கியமான பகடை. அதனால் என் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியது. பகடையில் இல்லையென்றால் கையில். எந்தக் கையில் என்பதுதான் கேள்வி. அவள் கை மூடுகிற அந்த ஒரு கணத்தை இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கதவைச் சாத்தினாலும், உப்பு டப்பாவை மூடினாலும், எனக்கு அந்தக் கைதான் தெரிந்தது.

பிறகு அதே மாதிரி இன்னொரு சிவப்புப் பகடை வாங்கினேன். ஆறு இருக்கும் பக்கத்தில் துளை போட்டு, ஈயம் வைத்து, வண்ணம் பூசி அடைத்தேன். தனியாக உருட்டிப் பார்த்தேன். உருண்டு, தயங்கி, ஒன்றைக் காட்டி உட்காரும். ஏமாற்றுவதற்காகச் செய்யவில்லை. காய்ச்சல் பார்க்க ஒரு கருவி வேண்டியிருப்பது போல ஏமாற்றைப் பார்க்கவும் ஒன்று வேண்டியிருந்தது. போன ஞாயிறு மதியம், மனைவி தண்ணீர் எடுக்க எழுந்தபோது, இரண்டையும் மாற்றி வைத்தேன். நல்லது என் பைக்கு வந்தது, என்னுடையது அவள் பக்கம் போனது.

அவன் குவாரி வளைவுக்கு நான்காவது கியரில் வந்தான். மனைவி பகடையை எடுத்து, மூடி, கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவன் டம்ளரைக் கவிழ்த்தான். பகடை உருண்டது, தயங்கியது, ஒன்றைக் காட்டியது. நான் மூச்சை விட்டேன். அது உட்காரும் நேரத்தில் என்னுடைய சாம்பல் காரில் இடித்து, இன்னொரு முறை புரண்டது.

மூன்று.

"பாத்தீங்களா மாமா! உங்க வண்டியே என்னைக் காப்பாத்துது."

என் மனைவி கைதட்டினாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. ஏமாற்றுகிற பகடையையே ஒருவன் ஏமாற்றுகிறான் என்றால், அவனைப் பலகையில் வைத்து அளக்க முடியாது. அட்டையும் பொம்மையும் போதாது. சாலையில்தான் அளக்க வேண்டும்.

பலகையை எடுத்து வைக்கும்போது பகடைகளைப் பழையபடி மாற்றினேன். பிறகு காரைக் கழுவினேன். தோற்றவன் வேலை அது. காற்று பார்த்தேன், ஆயில் பார்த்தேன், சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக் ஆயில் குழாய் வந்து சேருகிற நட்டைப் பார்த்தேன். கையில் ஸ்பேனர் இருந்தது. நானாக ஒன்றும் முடிவு செய்யவில்லை, ஐயா. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பையிலிருந்த பகடையை எடுத்துக் காரின் பானெட்மேல் உருட்டினேன். ஒன்று விழுந்தால் தளர்த்துவது, வேறு எது விழுந்தாலும் இறுக்கிவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடிப்பது. ஆறில் ஐந்து பங்கு அவனுக்கு. இதைவிடத் தாராளமாக யார் நடந்துகொள்வார்கள்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஒன்று விழுந்திருந்தது.

தூறல் ஆரம்பித்தது. மச்சினன் சாவியைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தான். என் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தான்.

"மாமா, இந்த வாரம் நீங்களே வச்சுக்கங்க. மழையில பஸ்ஸுக்கு நிப்பீங்க. பாக்கவே கஷ்டமா இருக்கு."

"ஜெயிச்சவன்தான் எடுத்துட்டுப் போகணும், மாப்ளே."

"அட, பிடிங்க சாவிய. யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்."

"அடேயப்பா. நீதிபதி சொன்னா அப்பீலே கிடையாது." சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தான். "பிரேக்கெல்லாம் பாத்துட்டீங்கல்ல?"

"பாத்தாச்சு."

பொய் இல்லை. பார்த்தேன்தான்.

மற்றது உங்கள் ஆட்கள் எழுதியிருப்பார்கள். குவாரி வளைவு, ஈரமான சாலை, பிரேக் பிடித்த தடம் இல்லை. என் வளைவில் தவறு இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வண்டியைத் தூக்கியபோது எந்தக் கியரில் இருந்தது என்று நான் கேட்டதற்கு உங்கள் மெக்கானிக் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டாவது என்றார். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் அங்க எப்பவும் ரெண்டாவதுலதாங்க போவான். 'விளையாட்டு வேற, ரோடு வேற அக்கா, இது மாமா கணக்கு போட்டு வச்ச வளைவு'ன்னு சொல்வான்."

பாருங்கள். என் மேசையில் ஒருமுறைகூட இரண்டாவது கியரில் போகாதவன், என் கண் மறைந்ததும் இரண்டாவதில் போயிருக்கிறான். வாராவாரம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அவன் ஏதோ மறைக்கிறான் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொன்னேனே. ஆனால் அந்த இறக்கத்தில், ஈரத்தில், பிரேக் இல்லாமல் இரண்டாவது கியர் மட்டும் போதாது. கணக்கு என்னுடையது, எனக்குத் தெரியும்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அந்தச் சிவப்புப் பகடையை உருட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். என் சட்டைப்பையிலிருந்து எடுத்தது. திரும்பத் திரும்ப ஒன்றுதான் விழுகிறது, இல்லையா? மேசைக்காலைக் குறை சொல்ல வேண்டாம். ஆம், பானெட்மேல் உருட்டியதும் அதைத்தான். பகடை ஒருமுறை மூன்றைக் காட்டியதுதானே? மறுபடியும் காட்டியிருக்கலாம். அதிர்ஷ்டத்துக்கு ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தேன். அது வரவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்? நான் யார் சாவையும் விரும்பவில்லை. எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்திடம் விட்டுவிட்டேன்.

என் மனைவி உங்களிடம் வேறு ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று தெரிகிறது. அது சின்ன விஷயம். அவன் வண்டியைக் கிளப்பும்போது அவள் ஓடி வந்து, "டேய் இரு, நானும் கீழ வரேன், கடைக்குப் போகணும்," என்று முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைக் கூப்பிட்டேன். உண்மைதான்.

"என் கண்ணாடியக் காணோம். வந்து தேடிக் குடுத்துட்டுப் போ."

"வந்து தேடுறேனே, எங்க போயிடப்போகுது?"

"இப்பவே வேணும்."

"இவரோட பெரிய ரோதனை. நீ போடா, நான் அடுத்த பஸ்ஸுல வரேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். கார் புறப்பட்டுப் போனது. அவள் அலமாரி, ஜன்னல், மெத்தைக்கு அடியில் எல்லாம் தேடினாள். நானும் கூடவே தேடினேன்.

கண்ணாடி என் சட்டைப்பையில்தான் இருந்தது, ஐயா. பகடைக்குப் பக்கத்தில்.